உரோசா பொனேரின் விலங்கோவியங்கள்

அன்பு, அருள் என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் வழங்குதல் பெருவழக்காயிற்று. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் அவ்வாறு கொண்டாரல்லர். தம்மோடு தொடர்புடையாரிடத்துத் தோன்றுவது அன்பு. தொடர்பு நோக்காது எவ்வுயிரிடத்தும் இயல்பாகவே பரந்து செல்வது அருள் என்பது அவர் காட்டிய வேறுபாடு. தன் வீட்டு நாய் நோயுற்றபோது வருந்துபவன் அன்புடையவன். தெருவிற் செல்லும் வண்டிமாட்டின் கழுத்துப் புண்ணைக் கண்டு வருந்துபவன் அருளுடையவன். முன்னது யாவர்க்கும் எளிது, பின்னது அரிது.

இவ்வேறுபாடு ஒழுக்க நூலுக்கு மட்டுமன்றிக் கலைத் திறனாய்வுக்கும் பயன்படுவதாகும். விலங்குகளை வரைந்த ஓவியர் பலர். அவர்தம் ஓவியங்கள் காண்போர் உள்ளத்தில் எழுப்புவது அன்பா, அருளா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஓவியத்தின் முன் நின்று கண்ணீர் விட்டவன் வெளியே வந்து தன் வண்டிக் குதிரையைச் சாட்டையால் அடிப்பானாயின், அவ்வோவியம் அவனுக்குச் செய்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பெரும்புகழ் எய்திய விலங்கோவியங்களை மதிப்பிடுதற்கு இவ்வினா தக்க உரைகல்லாகும். அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்குங்கால் மாற்றுக் குறையாது நிற்பவர், பிரான்சு நாட்டுப் பெண் ஓவியராகிய உரோசா பொனேர்.

பொனேர் 1822ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆம் நாள் போர்தோ நகரிற் பிறந்தார். தந்தையார் இரேமோன் பொனேர் ஓவியர். சித்திரம் கற்பித்துச் சீவனம் நடத்தியவர். குழந்தைப் பருவத்தில் உரோசாவுக்கு எழுத்துக்கள் மனத்திற் பதியவில்லை. தாயார் சோபி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலங்கை வரையச் செய்து அரிச்சுவடியைக் கற்பித்தார் என்ப. எழுத்தறிவும் விலங்கறிவும் அவருக்கு ஒருங்கே வாய்த்தன. குடும்பம் 1829இல் பாரிசு நகரிற் குடியேறியது. உரோசாவுக்குப் பதினொரு வயதானபோது, 1833இல், தாயார் இறந்தார். வறுமையும் துயரமும் சூழ்ந்த அவ்வீட்டிலே பறவைகளும் முயல்களும் ஆடுகளும் உடன் வாழ்ந்தன. 1841ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியிற் பத்தொன்பது வயதினராகிய பொனேர் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தவற்றுள் ஒன்று முயல்களின் ஓவியமே.

பாரிசிலிருந்த அரசாங்க நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே பொனேர் தந்தையாரிடத்தும், இலூவர் அரும்பொருட்சாலையிற் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவதன் வாயிலாகவும் தம் கலையைப் பயின்றார். விலங்கின் உடலமைப்பை அறிதற்கு அவர் சென்ற இடமோ கொலைக்களம். பாரிசின் உரூல் பகுதியிலிருந்த இறைச்சிக்கூடத்தில், குருதியும் துர்நாற்றமும் கசாப்புக்காரரின் ஏளனமும் சூழ்ந்திருக்க, எலும்பும் தசையும் நரம்பும் இயைந்துள்ள முறையை இளம்பெண் ஒருவர் நாள்தோறும் வரைந்து கற்றார். பிற்காலத்தில் அவர் வரைந்த எருதின் தோளில் நுகம் எவ்விடத்தில் அழுத்துகின்றது என்பது பிழையின்றித் தெரிகின்றதெனின், அதற்குக் காரணம் இந்தக் கல்வியே. உயிரிரக்கத்தை ஊட்டுவனவென்று போற்றப்படும் அவர் ஓவியங்களின் அடிப்படை மென்மையான உணர்ச்சியன்று. அருவருப்பை வென்று பெற்ற அறிவாகும்.

பொனேரின் தனித்தன்மையை உணர்தற்கு அவர் காலத்து ஆங்கில ஓவியர் எட்வின் லாண்ட்சீயரை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். லாண்ட்சீயர் 1802இல் இலண்டனிற் பிறந்து 1873இல் இறந்தவர். விக்டோரியா மகாராணியின் பேராதரவைப் பெற்றவர். டிரபால்கர் சதுக்கத்தில் 1867இல் நிறுவப்பெற்ற வெண்கலச் சிங்கங்களை உருவாக்கியவரும் அவரே. 1837இல் அவர் வரைந்த ‘முதிய இடையனின் தலைமைத் துக்கங் கொண்டாடி’ என்னும் ஓவியத்தில், இறந்துபோன இடையனின் சவப்பெட்டிமீது அவனுடைய நாய் முகவாயைச் சாய்த்து நிற்கின்றது. மனிதர் எவரும் அங்கில்லை. கலைத் திறனாய்வாளராகிய சோன் இரசுக்கின் 1843இல் வெளியிட்ட நூலிலே இவ்வோவியத்தை மிகவுயர்வாகப் பாராட்டினார். அதன் சோகத்தை இன்றும் மறுத்தல் இயலாது.

ஆயினும் அச்சோகம் எதனைப் பற்றியது என்று ஆராய்தல் வேண்டும். நாய் ஈண்டு மதிக்கப்படுவது அதன் எசமான விசுவாசத்துக்காக. மனிதனுக்காக அது அழுகின்றது. ஆதலால் மனிதர் அதற்காக அழுகின்றனர். 1838இல் லாண்ட்சீயர் காட்சிக்கு வைத்த மற்றோர் ஓவியம் நீர்க்கரையிற் படுத்திருக்கும் பெரிய நியூபவுண்லாந்து நாயைக் காட்டுவது. ‘மனிதாபிமான சங்கத்தின் புகழ்மிக்க அங்கத்தவர்’ என்பது அதன் தலைப்பு. அச்சங்கம் நீரில் மூழ்கும் மனிதரைக் காப்பாற்றுவதற்கென அமைந்தது. விலங்குகளின் நலத்துக்காக ஏற்பட்டதன்று. மனிதரைக் காத்தமையாற் சங்கத்து அங்கத்தவர் என்னும் பட்டம் நாய்க்குக் கிடைக்கின்றது. லாண்ட்சீயரின் நாய்கள் மனிதரைப்போல நாணுகின்றன, செருக்குறுகின்றன, துயருறுகின்றன. விலங்கின் முகத்தில் மனிதன் தன் முகத்தையே கண்டு இரங்குகின்றான். அன்பிற்கு இஃது எடுத்துக்காட்டாகலாம், அருளுக்கு ஆகாது. விசுவாசம் காட்டாத எருதும், பெயரிடப்படாத சந்தைக் குதிரையும் இத்தகைய இரக்கத்தின் எல்லைக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன.

இந்த எல்லையைக் கடந்த ஓவியம் 1849இல் பொனேர் காட்சிக்கு வைத்த ‘நிவெர்னேயில் உழவு’ என்பது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியால் அமைந்த குடியரசு அவ்வாண்டிலேயே 3,000 பிராங்கு விலை பேசி இதனை வரையுமாறு பொனேரைப் பணித்தது. இரண்டரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமுடைய இச்சித்திரம் இன்று பாரிசின் ஓர்சே அரும்பொருட்சாலையில் உள்ளது. இலையுதிர் காலத்தில் நிலத்தை முதன்முறை கிளறும் ஆழ உழவு இதன் பொருள். எருதுகள் பன்னிரண்டு, ஏருக்கு ஆறாக இரண்டு ஏர்களிற் பூட்டப்பட்டு, இடப்புறமிருந்து வலப்புறமாகச் சரிவான நிலத்தில் ஏறிச் செல்கின்றன. மேலே தெளிந்த வானம். கீழே புரட்டப்பட்ட மண் கட்டிகட்டியாகக் கிடக்கின்றது.

இவ்வோவியத்தில் உழவரும் உளர். ஆனால் அவர்கள் எருதுகளின் பின்னே சிறியராய்த் தோன்றுகின்றனர்; தொப்பியின் நிழலில் அவர்கள் முகம் தெளிவாகத் தெரியவில்லை. முழு வெளிச்சமும் எருதுகளின் வெண்ணிற முதுகுகளில் விழுகின்றது. மனிதன் நாயகனாகவும் விலங்கு துணைப்பொருளாகவும் அமையும் பழைய மரபு இங்கே தலைகீழாக மாறிவிடுகின்றது. பன்னிரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையல்ல. ஒன்றன் நிறமும் மற்றொன்றன் நிறமும் வேறு. தலையைத் தாழ்த்தும் முறையும் அடியெடுத்து வைக்கும் முறையும் வேறு. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிகின்றது. நுகத்தின்கீழ்க் கழுத்துத் தசை திரண்டு நிற்கின்றது. நடுவே செல்லும் எருதொன்று ஓவியத்தைப் பார்ப்பவரையே தன் கண்ணால் நோக்குகின்றது.

அந்தக் கண்ணே இவ்வோவியத்தின் உயிர்நிலை. அதிலே கண்ணீர் இல்லை, முறையீடும் இல்லை. லாண்ட்சீயர் வரைந்திருப்பின் அக்கண் மனிதனிடம் ஏதோ சொல்ல முயன்றிருக்கும். பொனேரின் எருது எதுவும் சொல்லவில்லை. வேலையின் நடுவே, எதிரே நிற்பவர் இன்னாரென்று அறியாது, நோக்குகின்றது. அந்நோக்கின் பொருளை முற்றும் அறிந்துகொண்டதாக எவரும் கூற இயலாது. ஆயினும் அங்கே ஓர் உயிர் இருக்கின்றது, அது தன் வாழ்வைத் தானே வாழ்கின்றது என்பதை எவரும் மறுக்கவும் இயலாது. மனிதனை ஒத்திருப்பதனாலன்றி, மனிதனின் வேறாயிருந்தும் உயிராயிருப்பதனாலேயே அது மதிக்கத்தக்கது என்னும் உண்மையை அக்கண் உணர்த்துகின்றது. தொடர்பு பற்றாத அருளுக்கு ஓவியத்தில் இதனினும் தெளிவான வடிவம் காண்டல் அரிது.

பொனேரின் பெரும்படைப்பாகக் கருதப்படும் ‘குதிரைச் சந்தை’ 1853இற் காட்சிக்கு வைக்கப்பெற்றது. 1855இல் மேலும் திருத்தப்பெற்றது. இரண்டரை மீற்றர் உயரமும் ஐந்து மீற்றர் அகலமும் உள்ள இப்பேரோவியத்தைக் கொர்னீலியசு வாண்டர்பில்ட் 1887இல் நியூயோர்க் மெற்றோபோலிற்றன் அரும்பொருட்சாலைக்கு வழங்கினார். பாரிசின் ஒப்பித்தால் பெருந்தெருவில் நடைபெற்ற குதிரைச் சந்தையே இதன் களம். இதற்கென ஒன்றரை ஆண்டுக்காலம், வாரம் இருமுறை, பொனேர் அச்சந்தைக்குச் சென்று குதிரைகளை வரைந்து வந்தார். சந்தையிற் பெண்ணொருத்தி தனித்து நின்று வரைதல் அந்நாளிற் பெரும் இடையூறு விளைப்பது. ஆதலின் ஆணுடை தரித்துச் சென்றார். பெண்கள் அவ்வாறு உடுத்தற்குப் பொலிசாரின் எழுத்து மூலமான அனுமதி அக்காலத்தில் வேண்டியிருந்தது. அதனையும் அவர் பெற்றுக்கொண்டார்.

இச்சித்திரத்திற் புழுதி எழுகின்றது. வண்டியிழுக்கும் பெருங்குதிரைகள் வட்டமிட்டுச் செல்கின்றன. ஒன்று பின்னங்கால்களில் எழுந்து திமிறுகின்றது. காண்போர் முதலில் வியப்பது அவற்றின் வலிமையை. சற்று நின்று நோக்கின், அவ்வலிமை முழுவதும் கயிற்றையும் கடிவாளத்தையும் எதிர்த்துச் செலவாவது புலனாகும். சுழலும் விழிகளும் பின்மடிந்த செவிகளும் அச்சத்தையும் சினத்தையும் காட்டுகின்றன. இவை வெற்றி வீரரைத் தாங்கும் போர்க் குதிரைகளல்ல, விலைக்கு வந்தவை. சந்தை முடிந்தபின் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வண்டியிற் பூட்டப்படும். அத்தகைய பண்டத்துக்குக் காவியத்துக்குரிய அளவையும் மாட்சியையும் பொனேர் அளித்தார். குற்றம் சாட்டும் சொல் ஒன்றுமின்றியே விற்பனைப் பொருளாகிய உயிரின் பெருமையை அவர் நிலைநாட்டினார் எனலாம்.

தனி விலங்கின் உருவப்படங்களிலும் இதே நெறியைக் காணலாம். ஏறத்தாழ 1858இல் வரைந்த ‘வேட்டைக்குப் பின் பார்பாரோ’ என்னும் ஓவியம் பிலதெல்பியா அரும்பொருட்சாலையில் உள்ளது. வேட்டை நாயொன்று சுவரோரம் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு நிற்கின்றது. அதன் பெயர் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றது. பிரபுக்களின் உருவப்படங்களிற் பெயர் பொறிக்கும் வழக்கத்தை இஃது நினைவூட்டும். வேட்டையாடியவர் இல்லை, வேட்டைப் பொருளும் இல்லை. வேலை முடிந்தது, சங்கிலி மீண்டும் மாட்டப்பட்டது, அவ்வளவே. மனிதனின் களியாட்டத்தில் நாயின் பங்கு எத்தகையது என்பதை அச்சங்கிலி சொல்லிவிடுகின்றது. 1879இல் வரைந்த ‘கன்றுகளைப் பால்மறக்கச் செய்தல்’ என்னும் ஓவியத்திலோ மலைமேய்ச்சல் நிலத்திற் கன்றுகள் ஒருபுறமும் தாய்ப்பசு தடுப்புக்கு அப்பாலும் நிற்கின்றன. பண்ணை வேலையின் அன்றாட நிகழ்ச்சி ஒன்றையே ஓவியர் காட்டுகின்றார். பால் பருகும் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் இத்தடுப்பு உண்டு என்பதை எண்ணிக்கொள்ளும் கடமை காண்போருக்கு விடப்படுகின்றது.

இவ்வோவியங்கள் தோன்றிய காலத்தில் ஐரோப்பாவிலே விலங்குகளைப் பற்றிய சட்டங்களும் தோன்றின. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் ஆங்கிலச் சட்டம் நிறைவேறியது பொனேர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேதான். பாரிசில் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் 1845இல் அமைந்தது. ‘நிவெர்னேயில் உழவு’ காட்சிக்கு வந்த மறுவருடம், 1850ஆம் ஆண்டு சூலை மாதம் 2ஆம் நாள், தளபதி கிராமோன் கொண்டுவந்த சட்டம் பிரான்சில் நிறைவேறிற்று. வீட்டு விலங்குகளைப் பலரறியக் கொடுமையாக நடத்துவோருக்கு ஐந்து முதற் பதினைந்து பிராங்கு வரை தண்டமும், ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை சிறையும் விதிக்க அது வழிசெய்தது. ஓவியத்தினால் இச்சட்டம் பிறந்தது என்று கூறுதல் மிகையாகும். ஒரே காலத்தின் மனமாற்றம் இரண்டிலும் வெளிப்பட்டது என்பதே பொருத்தம்.

எனினும் இரண்டுக்கும் இடையே ஆழ்ந்த வேறுபாடொன்று உண்டு. கிராமோன் சட்டம் தண்டித்தது பலரறியச் செய்யும் கொடுமையை மட்டுமே. வீதியில் அடிப்பது குற்றம். கொட்டிலுள் அடிப்பது குற்றமன்று. அஃதாவது, அச்சட்டம் காக்க முற்பட்டது அடிபடும் குதிரையை மட்டுமன்று. அதனைப் பார்க்க நேரும் மனிதரின் மனவமைதியையும் ஆகும். பலரறிய என்னும் இக்கட்டுப்பாடு நீங்குதற்கு 1959 வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. காண்பவனின் கண்ணுக்குத் துன்பம் தெரியாதிருந்தாற் போதும் என்று சட்டம் அமைதியுற்றது. பொனேரின் கலையோ அக்கண்ணை அமைதியுற விடவில்லை. காட்சிச்சாலையின் நடுவே நுகத்தையும் சங்கிலியையும் தடுப்பையும் கொண்டுவந்து நிறுத்தியது. சட்டம் மறைக்கச் சொன்னதை ஓவியம் பார்க்கச் சொன்னது.

இனி, பொனேர்மீது கூறத்தக்க குறைகளும் இல்லாமலில்லை. அவர் வேட்டையில் ஈடுபட்டவர். 1860 முதல் 1899இல் இறக்கும்வரை பொந்தென்புளோக் காட்டின் அருகே பீ என்னும் இடத்திலிருந்த மாளிகையில் வாழ்ந்தபோது, பலவகை விலங்குகளோடு சிங்கங்களையும் வளர்த்தார். வேட்டையாடுபவர், காட்டு விலங்கை மனையிற் கட்டி வளர்ப்பவர், அருளின் ஓவியராதல் எங்ஙனம் என்னும் வினா நியாயமானதே. அவர் ஓவியங்களை வாங்கியோர் பெருஞ்செல்வர். அவர்தம் வண்டிகளை இழுத்த குதிரைகள் அதனாற் சிறிதேனும் நலம் பெற்றனவா என்றும் வினவலாம். பிற்காலத்துப் புதுமை ஓவியரோ வேறொரு குறை கூறினர். உள்ளதை உள்ளவாறே வரைதல் கலையாகாது, அது கைத்திறனே என்பது அவர் கருத்து. இக்கருத்து மேலோங்கிய இருபதாம் நூற்றாண்டில், ஒருகாலத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடிய பொனேரின் பெயர் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

முதற் குறைக்கு மறுமொழி கூறி அவரை முழுவதும் விடுவித்தல் இயலாது. விடுவிக்கவேண்டிய தேவையும் இல்லை. லாண்ட்சீயரும் மான் வேட்டையில் விருப்புடையவரே. கலைஞரின் வாழ்வு அவர் கலையளவுக்கு உயராதிருத்தல் உலகியற்கை. ஓவியம் கைவிட்டுச் சென்றபின் அது கற்பிப்பதே அதன் பயன். வரைந்தவர் அக்கல்வியை முற்றும் பின்பற்றினாரா என்பது வேறு. செல்வர் மாளிகையோடு அவர் ஓவியங்கள் நின்றுவிடவுமில்லை. ‘குதிரைச் சந்தை’யை லாண்ட்சீயரின் தமையனார் தோமசு லாண்ட்சீயர் செதுக்குச் சித்திரமாக்க, அதன் அச்சுப் பிரதிகள் நடுத்தர மக்களின் சுவர்களையும் அடைந்தன.

உள்ளவாறு வரைதல் கைத்திறனே என்னும் குறையோ உண்மையில் அவர் கலையின் அடிப்படையைத் தொடுவது. ஆதலின் அதற்கு விடை கூறுதல் வேண்டும். அவர் இறந்த மறுவருடம், 1900இல், அவருடைய ஓவியக்கூடத்திலிருந்து ஏலத்துக்கு வந்த ஆக்கங்கள் ஈராயிரத்துக்கு மேற்பட்டன. அவற்றிற் பல, பொதுமக்கள் அதுவரை கண்டிராத பயிற்சிச் சித்திரங்கள். வாழ்நாள் முழுவதும் காளையையும் ஆட்டையும் மானையும் குதிரையையும் ஒவ்வொன்றாக நோக்கி நோக்கி வரைந்தவர் அவர். பொதுவான ‘எருது’ ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு எருதுகளை வரைவது எளிது. கைத்திறன் உடையார் பலர் அதனைச் செய்வர். பன்னிரண்டையும் பன்னிரண்டு தனியுயிர்களாகக் காண்பதற்குக் கையின் திறன் மட்டும் போதாது. அது கவனத்தால் ஆவது. தொடர்பில்லாத ஓர் உயிர்மீது பயன் கருதாது நெடுநேரம் கவனம் வைத்தல் அருளின் முதற்படி அன்றோ? ஆகவே பொனேரின் நுட்பமான உண்மைத்தன்மை கருணையைப் பூசுதற்கு வாய்த்த வெறுஞ் சுவரன்று; அதுவே அவர் கருணையின் வடிவம்.

லாண்ட்சீயரும் பொனேரும் ஒருவரையொருவர் மதித்தவர்கள். 1856இல் பொனேர் பிரித்தானியாவுக்குச் சென்றபோது சந்தித்தும் கொண்டனர். இருவரையும் எதிரெதிர் நிறுத்துதல் ஒருவரைத் தாழ்த்துதற்கன்று. நாய்க்காக அழக் கற்றுக்கொடுத்த லாண்ட்சீயரின் கலை, இரக்கம் சிறிதும் அற்ற உள்ளங்களை நெகிழச் செய்திருக்கும். அன்பின்றி அருள் பிறப்பதில்லை. ஆனால் அன்போடு நின்றுவிடும் இரக்கம் தனக்கு விருப்பமான உயிரை அணைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடும் இயல்பினது. வீட்டு நாயின் பிறந்தநாளைக் கொண்டாடுதலும் வண்டிமாட்டின் சுமையைக் காணாதிருத்தலும் ஒரே மனத்தில் ஒருங்கே வாழமுடியும் என்பதற்கு எக்காலத்திலும் சான்று உண்டு.

2022ஆம் ஆண்டு, பொனேர் பிறந்து இருநூறாண்டு நிறைந்தபோது, அவர் பிறந்த போர்தோ நகரிலும் பாரிசின் ஓர்சே அரும்பொருட்சாலையிலும் அவர் ஓவியங்களின் பெருங்காட்சி நடைபெற்றது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஓவியர் மீண்டும் மதிப்புப் பெற்றமைக்குப் பெண் கலைஞரின் வரலாற்றில் எழுந்த ஆர்வம் ஒரு காரணம். மனிதரல்லாத உயிர்களைப் பற்றி இக்காலத்தில் எழுந்துள்ள கவலை மற்றொரு காரணம். இன்று பிரான்சிலும் பிற நாடுகளிலும் எருது பூட்டிய ஏரை வயல்களிற் காண்பது அரிதாயிற்று. வண்டிக் குதிரைகளும் மறைந்தன. உழைத்த விலங்குகளின் இடத்தில், கண்ணுக்கெட்டாத கட்டிடங்களுள் உணவுக்காக அடைபட்டு வளரும் விலங்குகள் பெருகிவிட்டன. கிராமோன் காலத்துக் கொட்டிலைப்போல, அவையும் பார்ப்போர் இல்லாத இடத்திலே வாழ்ந்து மடிகின்றன.

ஆதலாற்றான் ‘நிவெர்னேயில் உழவு’ பழங்கால வேளாண்மையின் நினைவுச் சின்னமாக மட்டும் நின்றுவிடவில்லை. உழவு மறைந்தது, நுகம் அரும்பொருட்சாலைக்குச் சென்றது, அந்த எருதின் கண் மட்டும் 1849இல் நோக்கியவாறே இன்றும் நோக்கிக்கொண்டிருக்கின்றது. அது இரக்கத்தை யாசிக்கவில்லை. தன்னை உள்ளவாறு காணுமாறு மட்டுமே கேட்கின்றது. அவ்வாறு கண்டவர், அடுத்த முறை வேறோர் உயிரின் கண்ணைக் காணாததுபோலக் கடந்து செல்வது முன்னைப்போல் எளிதாயிராது.